"பின்வாசல் வழியாகப் போங்கள்!"

கோல்ப் ஆட்டத்தைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று தலைப்பைத் தாண்டி வந்ததும் கேட்பீர்கள். பால்மரம் வெட்டுகிறவருக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பணக்காரர்கள் ஒரு சின்னப் பந்தை அடித்துவிட்டு, அதையே தேடிக்கொண்டு நடக்கிறார்கள். நடக்கச் சோம்பல்பட்டால் சிறிய வண்டியில் போகிறார்கள். அவர்கள் பாடு அவர்களுக்கு என்று விட்டுவிடலாமே என்றும் நினைப்பீர்கள்.

விட்டுவிட முடியாது. அந்தப் பச்சைப் புல்லுக்கு அடியில் நம் பாட்டன்மார் நட்ட மரங்களின் வேர் கிடக்கிறது. அந்தப் புல்லை வெட்டியவர்கள் நம் தகப்பன்மார். பந்துப் பையைத் தோளில் சுமந்து ஓடியவர்கள் நம் அண்ணன் தம்பிகள். இன்று அந்தக் கிளப்புகளின் முன்கவுண்டரில் சட்டையில் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு நிற்கும் பெண்களில் நம் பெண்களும் உண்டு. இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, கையில் காசு வைத்துக்கொண்டு அந்தக் கவுண்டருக்கு முன்னால் வாடிக்கையாளராக நிற்கிறார்கள். அப்படி நின்ற ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

துரைமார் ஆட்டம்

முதலில் கொஞ்சம் பழங்கதை. கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் கிளப் தொடங்கப்பட்டது 1893ஆம் ஆண்டில். நம்மவர்கள் காப்பித் தோட்டங்களிலும் ரயில் பாதை வேலையிலும் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரப்பர் இன்னும் பெரிதாகத் தலைகாட்டவில்லை. பின்னால் ரப்பர் வந்தது, தோட்டங்கள் பெருகின, துரைமாரும் பெருகினார்கள். அவர்களுடைய கிளப் வீடுகளைச் சுற்றி ஒன்பது குழிகள் கொண்ட சின்னத் திடல்களும் ஆங்காங்கே முளைத்தன. சாயங்காலம் துரை ஆட வந்தால் லயத்துப் பையன்கள் ஓடிப் போய் வரிசையில் நிற்பார்கள். யாருடைய பையைத் தூக்கலாம், எத்தனை காசு கிடைக்கும் என்பதே அவர்கள் யோசனை. பந்து புதருக்குள் போனால் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஏச்சும் கிடைக்கும்.

'கெடி' என்று நாம் சொல்லும் அந்த வேலையை இழிவாக எண்ண வேண்டாம். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் நல்ல கெடிக்கு அத்துப்படி. ஆடுகிறவருக்கே தெரியாததை அவர் சொல்லிக் கொடுப்பார். எம். இராமையா, பி. குணசேகரன் போன்ற நம்மவர்கள் இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு மலேசியாவின் பெயரை வெளிநாட்டுத் திடல்களில் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஆட்டம் துரைமாரோடு கப்பலேறிப் போய்விடவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கதை வேறு விதமாகத் திரும்பியது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. மரத்தைச் சாய்த்தார்கள், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டார்கள், குளம் தோண்டினார்கள், புல் விரித்தார்கள். ஷா ஆலம் பக்கத்தில் கிளென்மேரி என்றால் இன்றைய இளைஞர்களுக்குக் கோல்ப் திடலும் கார்க் கடைகளும் ரயில் நிலையமும்தான் ஞாபகத்துக்கு வரும். அது ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர் என்று சொன்னால் வியக்கிறார்கள்.

பதினெட்டுக் குழித் திடல் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் பிடிக்கும். ஒருவர் வெட்டும் நிரையை ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது குடும்பம் மரம் வெட்டிப் பிழைத்த நிலம் அது. தண்ணீரும் மருந்தும் அதற்கு வேண்டிய அளவைச் சொல்லத் தேவையில்லை. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதியை 'கோல்ப் இல்லாத நாள்' என்று அறிவித்து, உலக அளவில் ஓர் எதிர்ப்பு இயக்கமே தொடங்கியது. ஜப்பான், தாய்லாந்து அமைப்புகளோடு பினாங்கிலிருந்து செயல்பட்ட சுற்றுச்சூழல் அமைப்பும் அதில் முன்னணியில் நின்றது. அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதை வேறொரு நாள் பேசுவோம். இன்றைக்கு நம் பேச்சு கவுண்டரைப் பற்றியது.

நடந்தது என்ன?

என்னிடம் படித்த மாணவர் ஒருவர். அவர் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். தோட்டம் போய்த் திடல் வந்தபோது, குத்தகைக்காரரிடம் கூலிக்குச் சேர்ந்து அதே நிலத்தில் புல் வெட்டினார். பதினோரு ஆண்டுகள். விடியுமுன் போக வேண்டும், ஆட்டக்காரர்கள் வருவதற்குள் மட்டம் தட்டி முடிக்க வேண்டும். வேலையாட்கள் நுழைவதற்கென்று பின்புறம் இரும்புக் கதவு ஒன்று உண்டு. அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர் முன்வாசலை மிதித்ததில்லை.

மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இன்று ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் மேற்பார்வையாளர். கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து கோல்ப் பழகிக்கொண்டார். ஒரு விடுமுறை நாளுக்கு நாலு பேருக்கு ஆட்டம் பதிவு செய்தார். திடல் கட்டணம், வண்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 160 வெள்ளி. நாலு பேருக்கு 640 வெள்ளியை ஒரு வாரத்துக்கு முன்பே கட்டிவிட்டார். ஏன் அந்தத் திடலைத் தேர்ந்தெடுத்தார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். தகப்பனாரையும் அழைத்துப் போனார். "அப்பா, நீங்க வெட்டின புல்லுல நான் ஆடறதைப் பாருங்க" என்று சொல்லி அழைத்துப் போனாராம். பெரியவர் தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

நண்பர்கள் வண்டியிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் முதலில் உள்ளே போய்விட்டார். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வேலையாளுங்கல்லாம் பின்வாசல் வழியா போங்க பெரியவரே. இங்க நிக்கக் கூடாது."

ஆமாம், தமிழில்தான் சொன்னாள். நம் பெண்தான். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பழக்கம் பாருங்கள்! திரும்பிப் பின்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். மகன் பையோடு உள்ளே வந்து அப்பாவைக் காணாமல் தேடிப் போனபோது, அவர் அந்தப் பழைய இரும்புக் கதவுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார்.

இது முதல் அடி. இன்னும் இருக்கிறது. கவுண்டருக்குத் திரும்பி வந்தால் பதிவே இல்லை என்றார்கள். கைப்பேசியிலிருந்த ரசீதைக் காட்டிய பிறகு, கணினியைத் தட்டிப் பார்த்து, "ஓ, இருக்கு" என்றார்கள். வருத்தம் தெரிவிக்கும் ஒரு சொல் இல்லை. குறித்த நேரத்துக்குப் பின்னால் வந்த ஒரு குழுவை, கிளப்புக்கு வேண்டியவர்கள் போலிருக்கிறது, முன்னால் அனுப்பினார்கள். நம்மவர்கள் ஐம்பது நிமிஷம் வெயிலில் நின்றார்கள். ஆட்டம் தொடங்கி நாலு குழி முடிவதற்குள் வானம் இருண்டது. இடிக்கான சங்கு ஊதினால் திடலில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது விதி, அது நியாயமான விதியும்கூட. எல்லாரும் திரும்பி வந்தார்கள். மழை மாலைவரை விடவில்லை.

அந்தக் கிளப்பின் சுவரில் ஓர் அறிவிப்பு மாட்டியிருந்தது. ஒன்பது குழி முடிவதற்குள் மழையால் ஆட்டம் நின்றால் 'மழைச் சீட்டு' கொடுக்கப்படும், இன்னொரு நாள் வந்து ஆடலாம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. மகன் அந்தச் சீட்டைக் கேட்டார். மழைச் சீட்டு உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. அறிவிப்பில் அப்படி ஒரு வார்த்தை இல்லையே என்றதற்கு, "அது மேனேஜ்மெண்ட் முடிவு" என்றார்கள். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, அவர் இல்லை என்றார்கள். கூட இருந்த மலாய் நண்பர் நல்ல காரியம் ஒன்று செய்தார். பேச்சை நிறுத்திவிட்டுப் போய் அந்த அறிவிப்பைப் படம் பிடித்துக்கொண்டார்.

விதி எது, வேண்டாத்தனம் எது?

இங்கே நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். கோல்ப் கிளப்புகளுக்கு உடை விதி உண்டு. கழுத்துப் பட்டை வைத்த சட்டை வேண்டும், ஜீன்ஸ் கூடாது, செருப்பு கூடாது என்பார்கள். திடலில் நடக்கத் தனிக் காலணி வேண்டும் என்பார்கள். சில இடங்களில் ஆடத் தெரிந்ததற்குச் சான்று கேட்பார்கள். இவையெல்லாம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்து, முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டால், குறை சொல்ல இடமில்லை. "ஐயா, செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பது விதி, அந்த நாற்காலியில் உட்காருங்கள், உங்களோடு வந்தவர் யார்?" என்று அந்தப் பெண் கேட்டிருந்தால் பெரியவர் மகிழ்ச்சியோடு உட்கார்ந்திருப்பார். அவர் செருப்புதான் போட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவள் பார்த்தது செருப்பை அல்ல. கறுத்த தோலையும் காய்த்த கையையும் பார்த்து, இவர் யார் என்று கேட்காமலே முடிவு கட்டிவிட்டாள். விதிக்கும் வேண்டாத்தனத்துக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மழைச் சீட்டு விஷயம் இன்னும் தெளிவு. காசு வாங்கியாயிற்று. சுவரில் ஒரு வாக்குக் கொடுத்தாயிற்று. கேட்கும்போது இல்லை என்பது விதியும் அல்ல, மரியாதைக் குறைவு மட்டும் அல்ல, அது சட்டத்துக்கு வரக்கூடிய சங்கதி.

நம்மில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்கிறோம்? முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்று சபதம் போடுகிறோம். பக்கத்து வீட்டில் சொல்லி ஆறுதல் அடைகிறோம். இதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் நாம் சாமான் வாங்கியது கடன் புத்தகத்தில். அரிசியில் கல் இருந்தாலும், எண்ணெய் சிக்கடித்தாலும் கடைக்காரரிடம் வாய் திறக்க முடியாது. அடுத்த மாதம் புத்தகத்தை மூடிவிடுவார். கையில் காசு வைத்துக்கொண்டு "இது சரியில்லை, மாற்றிக் கொடு" என்று கேட்கும் பழக்கம் நமக்கு இரண்டு தலைமுறையாக வாய்க்கவில்லை. கேட்டால் சண்டைக்காரன் என்பார்கள் என்ற பயம் இன்னும் விடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் அதே ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் அது பொருந்தும். காசு வாங்கிக்கொண்டு ஒரு சேவையைத் தருகிறவர் அதைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும். காலம் குறிக்காத சேவையானால் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும். தவறான வாக்கைக் கொடுத்து ஆளை இழுக்கக் கூடாது. மருத்துவர்கள் தரும் சிகிச்சை போன்ற சில சேவைகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கோல்ப் திடல், தையற்கடை, கார் பழுது பார்க்கும் பட்டறை, கல்யாண மண்டபம், சுற்றுலா ஏற்பாடு எல்லாம் உள்ளே வரும்.

இந்தச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் ஒன்று இயங்குகிறது. மலாயில் 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா' என்பார்கள். சாதாரணக் கோர்ட்டு மாதிரி இல்லை. வக்கீல் வைக்க வேண்டாம், வைக்கவும் கூடாது. எதிர்த்தரப்புக் கம்பெனியும் வக்கீலை அனுப்ப முடியாது, தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். புகார் பதியக் கட்டணம் 5 வெள்ளி. ஐந்தே வெள்ளி! தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத்தான் கேட்டார்கள். 2003இல் அது 25,000 ஆயிற்று, 2019இல் 50,000 ஆயிற்று. நடந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். விசாரணை தொடங்கிய 60 நாளுக்குள், கூடுமானவரை, தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தீர்ப்பு மஜிஸ்திரேட் கோர்ட்டு உத்தரவுக்குச் சமம். மதிக்காதவருக்குத் தண்டனை உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மன்றம் பண நஷ்டத்தைத்தான் திருப்பித் தரும். மனம் நொந்ததற்கும் தலை குனிந்ததற்கும் ஈட்டுத்தொகை போட அதற்கு அதிகாரம் இல்லை. 640 வெள்ளிக்கு ரசீது இருக்கிறது. "பின்வாசல் வழியா போங்க" என்ற சொல்லுக்கு ரசீது இல்லை.

கடிதம் எழுதிய இரவு

மாணவர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தகப்பனாரோடு என் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், ஒரு கடிதம் எழுதணும்" என்றார். மலாயில் அவரே எழுதுவார். பின் எதற்கு என்னிடம்? தகப்பனாருக்கும் மகனுக்கும் வழக்கு. நான் மத்தியஸ்தம் செய்ய வேண்டுமாம்.

மகன் சொன்னது இது: "காசு போனா போகட்டும் டீச்சர். அந்தப் பொண்ணு பேரு சட்டையில இருந்துச்சு. பேரைப் போட்டு எழுதப் போறேன்."

பெரியவர் குறுக்கே வந்தார். "பேரை எழுதாத ஐயா. பேரை எழுதினா நாளைக்கே நிப்பாட்டிருவானுங்க. அதுவும் யாரோ வெட்டுமரத்துக்காரன் மகதான். மழைக் காசை மட்டும் கேளு."

"உங்களைத்தானப்பா சொன்னா!"

"என்னைச் சொன்னதை நான் பாத்துக்கறேன்."

வாசகர்களே, இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பெயரை எழுதாமல் விட்டால் மேலிடத்துக்கு ஒன்றும் உறைக்காது. எழுதினால் அடி மேலிடத்துக்கு விழாது, மாதச் சம்பளத்தை நம்பி நிற்கும் ஒரு பெண்ணின் தலையில் விழும். அவளுக்கு அந்த வார்த்தையைக் கற்றுக் கொடுத்தது யார்? அதே மாதிரி கவுண்டர் வேலைக்குப் போன என் மாணவிகள் சிலர் உண்டு. காலை ஆறு மணிக்கு நிற்கத் தொடங்கினால் உட்கார நாற்காலி கிடையாது என்கிறார்கள். முக்கியஸ்தர் ஒருவர் வந்தால் வரிசையை மறந்துவிடு, கண்டவர்கள் கூடத்தில் நின்றால் உன்னைத்தான் கேட்பேன் என்று மேற்பார்வையாளர் சொல்லி வைத்திருப்பாராம். பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஏசுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தப் பெண்களில் பலருக்கு அதற்கு மேல் அதிகம் இல்லை. கெடிகளின் பாடு இன்னும் மோசம். பல இடங்களில் அவர்கள் கிளப்பின் ஊழியர்களே அல்ல. சுற்றுக்கு இத்தனை வெள்ளி, அதற்கு மேல் ஆட்டக்காரர் கொடுக்கும் இனாம், அவ்வளவுதான். மழை பெய்தால் அன்றைக்கு அடுப்புக்கும் மழைதான்.

இவ்வளவும் அவள் சொன்னதை நியாயமாக்கிவிடாது. என் மாணவி அப்படிச் சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஆனால் வேலையைப் பறிப்பது வேறு.

கடைசியில் இப்படி எழுதினோம். கடிதம் கிளப்பின் மேலாளருக்கு. முதல் பகுதியில் தேதி, பதிவு எண், கட்டிய தொகை, குறித்த நேரம், ஆட்டம் தொடங்கிய நேரம், சங்கு ஊதிய நேரம், அறிவிப்பின் படம். 640 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும் அல்லது நாலு மழைச் சீட்டுத் தர வேண்டும், 14 நாளுக்குள் பதில் வேண்டும் என்று கேட்டோம். இரண்டாவது பகுதியில், "இந்தத் திடலில் பதினோரு ஆண்டு வேலை செய்த என் தகப்பனாரை, அவர் யார் என்று கேட்காமலே பின்வாசலுக்கு அனுப்பினார்கள்" என்று ஒரே வாக்கியம். பெயர் போடவில்லை. தனி ஒருவரைத் தண்டிக்கக் கேட்கவில்லை, வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்கிறோம் என்று முடித்தோம். அந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டியபோது பெரியவர் தலையாட்டினார். "பதினோரு வருஷம் நாலு மாசம்" என்று திருத்தினார். திருத்திக்கொண்டோம்.

14 நாள் போயிற்று, பதில் இல்லை. மூன்று வாரமும் போயிற்று. மாணவர் 5 வெள்ளி கட்டி நடுவர் மன்றத்தில் பதிந்தார். பிரதியைப் பதிவுத் தபாலில் கிளப்புக்கு அனுப்பினார். அதுவரை இல்லாமல் இருந்த மேலாளர் அந்த வாரமே போன் செய்தார்! விசாரணைக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். 640 வெள்ளியும் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது: ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று மகனுக்கு எழுதியிருந்தது. தகப்பனாரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மகன் புகாரை மீட்டுக்கொள்ளவில்லை. "காசு வந்துவிட்டது, நன்றி. இரண்டாவது பகுதிக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலை என் தகப்பனார் பெயருக்கே அனுப்புங்கள்" என்று திரும்ப எழுதினார். சட்டப்படி கிளப்புக்கு அந்தக் கடமை இல்லை. இருந்தாலும் பத்து நாளில் அது வந்தது. பெரியவரின் முழுப்பெயர், அவர் தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் போட்டு, மேலாளர் கையெழுத்தோடு. தகப்பனார் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. பெரியவருக்கு ஆங்கில எழுத்துப் படிக்க வராது. பேத்தி வாசித்துக் காட்டினாள். பிழையை அவள் சொல்லவில்லை. அந்தப் பெண் இன்னும் அதே கவுண்டரில் வேலை செய்வதாகக் கேள்வி.

உங்களுக்கு நேர்ந்தால்

கோல்ப் கிளப்புக்கு நீங்கள் போகாமல் இருக்கலாம். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதவர் உண்டா? மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் விட்டுவிட்டு மூன்று தடவை நடக்காதவர் உண்டா? வழி ஒன்றுதான்.

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மாவு டப்பாவில் வையுங்கள், சாமி படத்துக்குப் பின்னால் வையுங்கள், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடமாக இருக்கட்டும். கைப்பேசியில் காசு கட்டினால் அந்தப் படத்தை உடனே பிள்ளைகளிடம் சொல்லி எடுத்து வையுங்கள். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் பிடியுங்கள். நாளைக்கு அந்தச் சுவரில் வேறு எழுதியிருக்கும். கவுண்டரில் கத்த வேண்டாம். கத்தினால் கத்தியவர் முகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நடந்த அநியாயம் மறந்து போகும். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அந்தப் பெயரைப் போடுவதா விடுவதா என்று வீட்டுக்கு வந்து, கோபம் ஆறிய பிறகு முடிவு செய்யுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டம், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது போதும். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நடுவர் மன்றத்தின் படிவம் 1 இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இணையத்திலும் பதியலாம். எதிர்த்தரப்பின் பெயரைக் கடைப் பலகையில் உள்ளபடி எழுதாமல், ரசீதில் உள்ள பதிவுப் பெயரை எழுதுங்கள். பலகையில் ஒரு பெயரும் கம்பெனிக்கு வேறு பெயரும் இருப்பது சாதாரணம். விசாரணை நாளில் அசல் ரசீதையும், சாட்சி இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். மலாயில் பேசத் தயங்குகிறவர்கள் அதை முன்கூட்டியே அங்குள்ள அலுவலரிடம் சொல்லி வையுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் புகார்களைக் கேட்டு வழிகாட்டுகின்றன. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும் வரை தலைமை தாங்கி வளர்த்த சங்கம் அது. தமிழிலேயே அவர்களிடம் பேசலாம்.

படிவம் நிரப்பக் கை நடுங்குகிறவர்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் எந்த ஆசிரியரையும் கேளுங்கள், அரை மணி நேர வேலைதான். எங்கள் தோட்டத்தார் என்றால் சனிக்கிழமை காலையில் நான் பள்ளியில்தான் இருப்பேன். ரசீதை மறக்காமல் கொண்டு வாருங்கள்.